ஒன்றும் குறையவில்லை

அம்மா ரெங்கம்மா டப்பாவிலிருந்த சொக்லேட்டுகளை மூன்றாவது தடவையாக எண்ணத் தொடங்கியபோது தவமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொக்லேட் கொண்டுவந்த மனுசன் எதிரிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்க்கப் பார்க்க எண்ணினால் என்ன நினைப்பார்?

வந்திருப்பவர் பதுளை ஏஜண்ட் மாயழகு. ஹல்துமுல்லைக்கு மேலே, இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அக்கா பாக்கியலெட்சுமியைத் தொண்ணூற்றாறில் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியவர். இப்போது தவமணியையும் அனுப்பப் போகிறார். சம்மதக் கடிதத்தில் அம்மாவின் கைநாட்டு ஒன்றுதான் மிச்சம். மைப்பெட்டிகூட மேசையில் திறந்தபடி இருந்தது.

அம்மாவோ டப்பாவை விட்டு நகர்வதாய் இல்லை.

டப்பாவும் லேசுப்பட்டதில்லை. கருநீலத் தகரத்தில் தங்கப் பூவேலை, குறுக்கே பட்டு ரிப்பன், அதன்மேல் இறுக்கி ஒட்டிய கண்ணாடித்தாள் உறை. அந்த உறையைக் கிழித்தபோது வந்த வாசனையிலேயே தவமணி பாதிக் குவைத் போய்விட்டாள். உள்ளே குழி குழியாக மடிப்புத் தாள், ஒவ்வொரு குழியிலும் தங்கத்தாள் சுற்றிய ஒரு சொக்லேட். போன தடவை கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரையவிட்டது நினைவுக்கு வர, அவளுக்கு வாய் ஊறியது.

இதற்கு முன்னும் அக்கா இரண்டு டப்பா அனுப்பியிருந்தாள், லீவில் வந்தவர்கள் கையில். இரண்டிலும் ஒரு குழியில் சொக்லேட் இல்லை, நாலாக மடித்த தங்கத்தாள் மட்டும் இருந்தது. கொண்டுவந்தவர்கள் கை வைத்துவிட்டார்கள் என்று தவமணி அன்றைக்குத் திட்டித் தீர்த்தாள். அம்மா அந்தத் தாள்களை நீவி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள்.

அக்காவிடமிருந்து கடுதாசி வந்து நாலு மாசமாச்சே என்று அவர் வந்தவுடனேயே அம்மா கேட்டிருந்தாள். நோன்பு மாசம், வீடு நிறைய விருந்தாளிகள், பிள்ளைக்குத் தலை சொறியக்கூட நேரமில்லை என்றார் மாயழகு. போன வாரம் அவர் குவைத் போனபோது டப்பாவை அவளே கையால் கொடுத்தாளாம். முதலில் அம்மாவுக்குத்தான் ஊட்ட வேண்டும் என்றாளாம்.

வெளியே பனிமூட்டம் வாசல்வரை வந்துவிட்டது. அந்தக் குளிரிலும் மாயழகு கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் அம்மா பண்ணுகிற கூத்தால் என்று தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கக்கா. கைநாட்ட வச்சிட்டீங்கன்னா கெளம்பிருவேன்."

அம்மா காதில் வாங்கவில்லை. மேல்தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, கீழ்த்தட்டிலும் ஒவ்வொரு குழியாகத் தொட்டுக்கொண்டு போனாள். இந்த மனுசன் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் குவைத்தும் போச்சு, சாகும்வரை கொழுந்துக்கூடைதான் கதி. தவமணி பொறுக்கமாட்டாமல் டப்பாவைப் பிடுங்கித் தானே எண்ணினாள்.

"இருவத்துநாலும் இருக்கும்மா. ஒண்ணும் கொறையல. போதுமா?"

மாயழகு அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"நான் எடுப்பேனாங்கக்கா? ஒற பிரிக்காமக் கொண்டாந்திருக்கேன்."

அம்மா சிரிக்கவில்லை. சாமி படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மைப்பெட்டியை எடுத்து மூடினாள்.

"கோயில் சுண்டலா இருந்தாலும் வழியில ஒரு வாய் தின்னுட்டுத்தான் எங்கிட்ட நீட்டுவா பாக்கியம். நல்லாருக்கான்னு பாத்தேம்மான்னு சொல்லுவா. படத்துக்குக் கீழ இருக்கிற தாள மடிச்சு வச்சதும் அவதான். இந்த டப்பாவுல அவ கை படல."

மாயழகு கோப்பையைக் கீழே வைக்கப்போய், தேத்தண்ணி அந்தக் கடிதத்தின்மேல் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. தவமணி டப்பாவைக் கீழே வைத்தாள்.

அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"எம் மக எப்ப செத்தா, தம்பி?"