ஒரே கைக்கு இரண்டு வைத்தியம்

"சொல்லாம மாத்தினது நீங்க. பழி மட்டும் என் டீம் மேலயா சார்?"

"நான் மாத்தினது இரும்பு மேடம். யார் வேணா பார்க்கலாம். நீங்க கம்ப்யூட்டருக்குள்ள என்னத்த மாத்தினீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மீட்டிங் ரூம் கதவைத் தாண்டி வராந்தா வரைக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு செக்போஸ்ட் உள்ளே நுழைந்தாள்.

செக்போஸ்ட் என்பது அந்த ரோபோ கம்பெனியில் அவளுக்கு வைத்த பட்டப்பேர். ஒரு ஸ்க்ரூவின் அளவை மாற்றினாலும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் யாருக்குத் தெரிய வேண்டுமோ அத்தனை டீமுக்கும் சொல்லி, சம்மதம் வாங்கி, அப்புறம்தான் விடுவாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கம்பெனி மானம் கப்பலேறியிருந்தது. நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கும் ரோபோவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்திருந்தார்கள். ரோபோ பொம்மை நோயாளியைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே போனது. பொம்மையின் தலை, மேலே இருந்த கம்பியில் 'ணங்' என்று இடிக்க, வந்திருந்த டாக்டரம்மா தன் தலையைத் தடவிக்கொண்டார்.

அவர்களைக் காபிக்கு அழைத்துக்கொண்டு போகும்போது எம்.டி. செக்போஸ்டின் காதோரம் சொன்னார்.

"காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். அந்த ஆள் நாளைக்கு இங்க இருக்கக் கூடாது. பேர் கிடைக்கலன்னா, எல்லாம் உங்க மேஜை வழியாத்தானே போகுது?"

இப்போது செக்போஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சண்டை அப்புறம். நடந்ததை மட்டும் சொல்லுங்க."

மெக்கானிக்கல் தலைவர் முந்திக்கொண்டார். "வெயிட் ஏறினா ரோபோவோட கை லேசா தொங்குது. தோள்பட்டையில தடிமனா ஒரு பட்டை போட்டேன். தொங்கல் நின்னுடுச்சு."

சாஃப்ட்வேர் தலைவி உதட்டைக் கடித்தாள். "அதே தொங்கலுக்குத்தான் நானும்... கொஞ்சம் கூடுதலா தூக்கச் சொல்லி புரோகிராம் எழுதினேன். அவர் ஒரு மெஷின்ல பார்த்தாரு, நான் இன்னொண்ணுல பார்த்தேன். ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு. டெமோவுக்கு அவர் கையையும் என் புரோகிராமையும் ஒண்ணா மாட்டிட்டாங்க."

"ஒரே ஜுரத்துக்கு ரெண்டு டாக்டர்கிட்ட மருந்து வாங்கி ரெண்டையும் முழுங்கின மாதிரி" என்றாள் செக்போஸ்ட். "என் மேஜைக்கு ஏன் வரல?"

"சோதனை மெஷின்ல போட்டுப் பார்க்க உங்க அனுமதி வேண்டாமே. நீங்க வெச்ச விதிதான்" என்றார் அவர். "சரியா வந்தா எழுதிக் கொண்டு வரலாம்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான்."

"அப்படித்தானாம். டெமோவுக்கு மாட்டும்போது வாயைத் திறக்க வேண்டியதுதானே?" அவர் மறுபடி எகிறினார். கழுத்து நரம்பு புடைத்தது.

சாஃப்ட்வேர் தலைவி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல் தள்ளினாள். அவர் ஒன்றைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தார்.

செக்போஸ்ட் மேஜையைத் தட்டினாள். சின்னக் கம்பெனியாக இருந்தபோது ஒருத்தர் தும்மினால் எல்லாருக்கும் கேட்கும். இப்போது மூன்று மாடி. போன வருஷம் இதே இரண்டு டீம் தங்களுக்குள் வாய்வார்த்தையாகப் பேசி ஒரு ஸ்க்ரூவை மாற்றிவிட, பர்ச்சேஸுக்குச் சேதி போகாமல் பழைய அளவிலேயே ஒரு லோடு வந்து இறங்கியது. அன்றைக்கு அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். அதற்கப்புறம் வாய்ப்பேச்சில் ஒரு மாற்றமும் நடந்ததில்லை.

வெளியே மாடிப்படியில் பேச்சுச் சத்தம். எம்.டி. வந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேர் பேரையும்தான் சொல்லப்போறேன். எனக்கு வேற வழியில்ல" என்று எழுந்தாள். கோபம் அடங்கவில்லை. "விதியை விடுங்க. மனுஷங்கதானே? 'நான் இப்படிப் பண்ணியிருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த அசிங்கம் உண்டா? அந்த ஒரு வார்த்தைக்கா உங்களுக்கு நேரம் கிடைக்கல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை நேரம் போட்ட சண்டை இருந்த இடம் தெரியவில்லை. அவர் தலை குனிந்தார். அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"நேரம் இருந்துச்சு மேடம். ஆனா, புருஷன் பொண்டாட்டி சாப்பாட்டு மேஜையில ஆபீஸ் பேச்சு பேசவே கூடாதுன்னு போன வருஷம் எங்ககிட்ட சத்தியம் வாங்கினது நீங்கதானே?"

கதவு திறந்தது. எம்.டி. கேட்ட அந்த ஒரு பேர் யாருடையது? செக்போஸ்ட் இடத்தில் நீங்கள் இருந்தால் யாரைச் சொல்லியிருப்பீர்கள்? மனதில் பட்டதை எனக்கு எழுதுங்கள்.