காரணம் எழுதாத திருத்தம்

"மூணாவது தடவையா திருப்பி அனுப்புறேன், ஐவின்ட். 'இருபது விநாடி ஆக்கினேன்'னு எழுதினா ஆச்சா? ஏன் ஆக்கினேன்னு எழுது!"

அவன் திருத்தத்தைச் சரிபார்க்கும் சக நிரலாளர் டோர்டிஸின் குரல் வாஃபிள் சுடும் மேசைவரை கேட்டது. வெள்ளிக்கிழமை மதியம், நார்வேயின் டிரோன்ஹெய்ம் நகர அலுவலகமே அங்கே வரிசையில் நின்றது. ஐவின்ட் மட்டும் கணினியைவிட்டு எழவில்லை.

"ரெண்டு மணிக்குப் புதுப் பதிப்பு எல்லா நகராட்சிக்கும் போயிடும். இது அதுல போயே ஆகணும். நீ சம்மதம் குடு, போதும்."

தனியாக வாழும் முதியவர்கள் கையில் கட்டும் அபாய மணிக்கான நிரல் அது. விழுந்தவர் தானே எழுந்துகொள்வாரா என்று மணி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நர்சை அழைக்கும். அந்தப் பொறுக்கும் நேரத்தைத்தான் அவன் மூன்று நிமிடத்திலிருந்து குறைத்திருந்தான்.

"ரெண்டு வாரம் லீவு போட்டு ஸ்பெயின்ல வெயில் காஞ்சவனுக்கு ரெண்டு வரி எழுதக் கை வலிக்குதாக்கும்! நாளைக்கு யாராவது கேட்டா, இந்த வரியில உன் பேர்தான் நிக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "முன்னாடியும் இருபதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு நிமிஷமா மாறியிருக்கு. 'சின்னத் திருத்தம்'னு மட்டும் குறிப்பு."

"பாத்தியா? அந்த ஆளையெல்லாம் மீன்பிடிக் கப்பல்ல ஏத்திவிடணும். நீயும் அதையே பண்ணாதே."

டோர்டிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "காரணம் தெரியாம எப்படிப்பா சம்மதிக்கிறது? என்னதான் ஆச்சு?"

"எங்கம்மா தண்ணி நிரம்பின குளியல் தொட்டியில வழுக்கி விழுந்துட்டாங்க. அந்த முதியோர் குடியிருப்புல நர்ஸ் கீழ்த்தளத்துலயேதான் இருந்தாங்க. மணி அடிக்கவே மூணு நிமிஷம் ஆயிடுச்சு. ஓடிப்போய்த் தூக்கினப்ப மூச்சு இல்லை."

டோர்டிஸ் நாற்காலியை இன்னும் நெருக்கினாள். "லீவு அதுக்கா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! இதைவிடப் பெரிய காரணம் ஏது? அப்படியே எழுதிடு. உன்னால முடியலைன்னா நான் எழுதுறேன்."

எழுதப்போன அவள் கையை அவன் மெல்லப் பிடித்து நிறுத்தினான்.

"வேண்டாம், டோர்டிஸ். அந்த மூணு நிமிஷத்துக்குப் பக்கத்துல உன் பேர் இருக்கு."