நீல அங்கி

இடிந்த சுவரின் பின்னால் பதுங்கியிருந்தவர்கள் செய்தியாளர் அமலதாசையே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவருடைய குண்டு துளைக்காத நீல அங்கியில் ‘ஊடகம்’ என்று வெள்ளையில் பெரிதாக எழுதியிருந்தது.

“உங்களோட நிண்டா எங்களையும் சுடமாட்டாங்கள், தம்பி,” என்றாள் மகளை அணைத்திருந்த பெண்.

“இந்த எழுத்தைப் பாத்துத்தான் அக்கா சுடுறாங்கள். தள்ளி நில்லுங்கோ.” போன வாரம் அவருடைய படப்பிடிப்பாளன் ரெஜியைக் குறிபார்த்து வீழ்த்தியது அப்படித்தான்.

அவள் நம்பவில்லை. “எங்களைக் கழட்டிவிடப் பாக்கிறியள்,” என்றாள்.

அவர்களுக்காகவே அங்கியைக் கழற்றிச் சுவரடியில் போட்டுவிட்டு, வெட்டவெளியை முதல் ஆளாக ஓடிக் கடந்தார். ஒரு வெடிகூட இல்லை. மூச்சிரைக்கத் திரும்பி, வாருங்கள் என்று கையசைத்தார்.

தாயும் மகளும் வந்துகொண்டிருந்தார்கள். சிறுமியின் முழங்கால்வரை நீல அங்கி தொங்கியது. அதன் பாரத்தில் அவளால் ஓட முடியவில்லை.