படுத்துக் கிடந்த கோஷம்

"எங்க கோஷத்தை இப்படிப் படுக்கப் போட்டிருக்கியே, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அக்கா கத்தினாள். சாப்பாட்டு இடைவேளை. கையில் டிபன் பாக்ஸோடு துணிக்கடையிலிருந்து நேரே ஓடி வந்திருந்தாள். நின்ற இடத்திலும் கால் தரிக்கவில்லை. காலையிலிருந்து நின்றே வியாபாரம் பார்த்த கால்கள், மாறி மாறி வலித்தன.

'உட்கார விடு!'

போன வருஷம் அவளும் கூட வேலை செய்யும் பெண்களும் கடைவாசலில் தொண்டை கிழியக் கத்திய வார்த்தை அது. கேட்டது ஆளுக்கொரு ஸ்டூல். கிடைத்தது ஆளுக்கொரு எச்சரிக்கை.

அந்த வார்த்தையையே சிலையாகச் செய்யப்போகிறேன் என்று சிற்பியான தங்கை சொன்னபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு எதிரிலேயே நகராட்சி இடமும் கொடுத்துவிட்டது. ஆளுயர எழுத்துகள், தெருவே நின்று பார்க்கப்போகிறது என்று கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இன்று திரையை விலக்கினால், ஆறு மர எழுத்துகளும் முழங்கால் உயரத்தில் மல்லாந்து கிடந்தன. மானம் போயிற்று!

"வந்தவங்க கைதட்டிட்டுப் போயாச்சு. உனக்குப் பேரும் கிடைச்சாச்சு. தெருவுல போற ஒருத்தராலயாவது இதைப் படிக்க முடியுதா?"

"மாடியிலேருந்து பார்த்தா நல்லாப் படிக்கலாம்க்கா."

"மாடியில யாருடி இருக்கா? எங்க முதலாளி ரூமுதான் இருக்கு!"

"ஆமா. அவர்தானே படிக்கணும்?"

அக்கா நிமிர்ந்து கடை மாடி ஜன்னலைப் பார்த்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"சரி, அவர் படிக்கட்டும். எங்களுக்குன்னு என்னடி செஞ்சே?"

தங்கை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க ஒரு பெஞ்சு போடுங்கன்னு நகராட்சிக்கு நடையா நடந்தேன். உங்க முதலாளி விடலை. கடையோட அழகு கெட்டுடுமாம். சிலைன்னு சொன்னதும் உடனே தலையாட்டிட்டார். என்ன எழுத்துன்னுகூடக் கேக்கலை."

அக்கா இப்போதுதான் எழுத்துகளைச் சரியாகப் பார்த்தாள். மேல்பக்கமெல்லாம் வழுவழுவென்று இழைத்திருந்தது. ஓரங்களில் ஒரு கூர் இல்லை.

'ட்' எழுத்தின் புள்ளி, வட்டமாகத் தனியாக நின்றது. அதன் மேலிருந்த தூசியைத் தங்கை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.

"உட்காருக்கா. இன்னிக்காவது உட்கார்ந்து சாப்பிடு."