கவுனில் விழுந்த வெட்டு

“நான்தாம்மா வெட்டினேன்.”

தையல்காரி கவுனை விரித்துப் பார்த்தாள். சாயங்காலம் மணப்பெண் வந்து நிற்பாள். கல்யாணக் கவுனில் பட்டன் மட்டும்தான் பாக்கி. இப்போது இடுப்பிலிருந்து விளிம்பு வரை நீளமாக ஒரு வெட்டு.

எதிரே எட்டு வயது மகள். கையில் பெரிய கத்தரிக்கோல்.

“தெரியாம பட்டுடுச்சா?”

“இல்ல. வேணும்னேதான்.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் பொங்கிவிட்டாள். “கொழுப்பைப் பாத்தியா! நீ தைச்சுப் பொழைக்கிறே, உன் பொண்ணு வெட்டிப் பொழைக்கப் போறாளாம். செல்லம் கொடுத்தது போதும், முதுகுல நாலு வை!”

தையல்காரியின் கை ஓங்கிவிட்டது.

மகள் நகரவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. ஓங்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘வாயாடி’ என்று வீட்டில் பெயர் எடுத்தவள். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. தூக்கத்தில் அலறுகிறாள். கேட்டால், “ஒண்ணுமில்ல.”

தையல்காரிக்குப் பயம் வந்தது. கவுனுக்கான பயம் இல்லை அது.

கை தானாக இறங்கியது.

“கோபமாத்தான் இருக்கு. ஆனா நீயே வந்து உண்மையைச் சொன்னே பாரு, அதனால அடிக்க மாட்டேன்.”

“நல்லா இருக்கு உன் நியாயம்!” என்றாள் நாத்தனார். “இவளை வச்சுக்கிட்டு நீ வேலை பார்த்த மாதிரிதான். எங்க வீட்லயே இருக்கட்டும். இவ மாமாவை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன். லீவுல அவர்கிட்ட எவ்வளவு அடக்கமா இருந்தா தெரியுமா?”

கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. மகள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அத்தையைப் போகச் சொல்லு.” அம்மாவின் காதோடு கிசுகிசுத்தாள்.

தையல்காரி ஏன் என்று கேட்கவில்லை.

“அண்ணி, நீங்க கிளம்புங்க. இவ எங்கேயும் வரமாட்டா.”

“நல்லதுக்குச் சொன்னா யாருக்கு ஏறுது…” முனகிக்கொண்டே நாத்தனார் போனாள்.

கதவைத் தாழிட்டுவிட்டு, தையல்காரி தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இப்பச் சொல்லு. எதுவா இருந்தாலும் நான் உன்னை நம்புவேன்.”

மகள் அம்மாவின் கைகளைப் பார்த்தாள்.

“நடந்ததைச் சொன்னா உங்கம்மா உன்னைத்தான் அடிப்பான்னு மாமா சொன்னாரும்மா. நிஜமாவே அடிப்பியான்னு பார்க்கத்தான் வெட்டினேன்.”