உடன் வந்தவர்

புது முதல்வர் சொன்ன சொல் தவறவில்லை. வரியை ஒரு பைசாகூட ஏற்றவில்லை. பட்ஜெட்டில் விழுந்த துண்டை ஈடுகட்ட, வீட்டுக்கு ஒரு அரசுச் சேவையை விட்டுக்கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

“தெருவிளக்க விட்டுருவோம்ங்க,” என்றாள் ஸ்டெல்லா.

ஆம்புலன்ஸ் டிரைவரான அருளப்பன் சிரித்தான். “வண்டி ஓட்டுறவனே வீட்டுல இருக்கேன். நமக்கு எதுக்குட்டி ஆம்புலன்ஸ்? அத விட்டுருவோம்.”

ஒரு மத்தியானம் அவன் சாப்பிட வந்திருந்தபோது, ஸ்டெல்லா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். வாசலில் நின்ற வண்டிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கதவு அவள் முகத்தைப் பார்த்தது. “தங்கள் தியாகத்துக்கு முதல்வரின் நன்றி,” என்றது. திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு இசக்கிமுத்து விவரமானவர். அவர் வீட்டில் விட்டுக்கொடுத்தது நூலகத்தை. “எனக்கு நெஞ்சுவலி,” என்று கதவின் முன்னால் போய் நின்றார். உடனே திறந்தது. அருளப்பன் காதோடு சொன்னார்: “தங்கச்சி எனக்குத் துணையா வரட்டும். ஏத்துல.”

வண்டி பறந்தது. ஒரு நோவும் இல்லாமல் ஸ்ட்ரெச்சரில் கிடந்த இசக்கிமுத்துவுக்கு ஆக்சிஜன் வந்தது. முகமூடியைக் கழற்றி ஸ்டெல்லாவின் மூக்கில் வைத்தார், நின்றுபோனது. திரும்பத் தன் மூக்கில் வைத்தார், வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்தார்கள். “எனக்கு ஒண்ணுமில்லப்பா, அந்தப் பிள்ளையப் பாருங்க,” என்று அவர் கதறக் கதற உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள்.

வண்டிக்குள் பெஞ்சில் ஸ்டெல்லா திறந்த கண் இமைக்காமல் சாய்ந்திருந்தாள்.

வண்டி மரியாதையாகச் சொன்னது: “உடன் வந்தவர் இறங்கிக்கொள்ளவும்.”