நீரோட்டத்தின் சொந்தக்காரர்

“பேரு போடலைன்னு கேக்க வந்தியா?” பேராசிரியர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

ஆராய்ச்சி மாணவி கதவருகிலேயே நின்றாள். நாளை கருத்தரங்கில் அவர் வாசிக்கப்போகும் கட்டுரையைப் பற்றித்தான் என்றாள். நீரோட்டத்தின் திசையை அளக்கும் கருவியைக் கடலிலிருந்து தூக்கும்போது ஒன்றைக் கவனித்ததாக ஆரம்பித்தாள்.

அவர் முடிக்க விடவில்லை. கடலில் கம்பி நடுவதற்குக் கூலியாள் போதும், அது சொல்வதைப் புரிந்துகொள்ளத்தான் மூளை வேண்டும் என்றார். அலை ஓய்ந்து தலை முழுகுகிற கதைதான் அவளுடைய பட்டமும் என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார். அவள் மறுபடி வாயைத் திறந்தாள். அவர் கதவைக் காட்டினார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தரைக்கப்பல். கரையோர நீரோட்டத்தைப் பற்றிக் காலமெல்லாம் பாடம் நடத்துகிறவருக்குப் படகைக் கண்டாலே குமட்டும். குடையைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே நின்றுவிடுவார்.

முக்குளித்துக் கடலடியில் கருவியைப் பொருத்தியது அவள். மாதக்கணக்கில் பாசி சுரண்டி, உப்பில் தோலுரிந்த கையோடு எண்களைத் திரட்டியதும் அவள்தான். யார் குத்தினால் என்ன, அரிசி அவருடையது. அவர் கையெழுத்து இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. செலவுக்குப் பணம் அனுப்பும் அக்காவோ, எப்போதுதான் முடியும் என்று போனில் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள்.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. இந்தப் பருவத்தில் இந்தக் கரையோரம் நீரோட்டம் தெற்கே போகும் என்று ஆளாளுக்கு எழுதிவைத்திருக்கிறார்கள், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர்கள் என்றார் பேராசிரியர். உண்மையில் அது வடக்கேதான் போகிறது. முதன்முதலில் கண்டுபிடித்தது தான்தான்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி வரிசையில் அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த விஞ்ஞானி ஒருவர் எழுந்தார். நம்பவே முடியவில்லை, கருவியைக் கடலடியில் பொருத்தியது யார் என்று ஆர்வமாகக் கேட்டார்.

பேராசிரியரின் பார்வை ஒரு நொடி கடைசி வரிசைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியது.

“இதையெல்லாம் பசங்களை நம்பி விட முடியுமா? நானே இறங்கி, என் கையால வெச்சேன்.”

மறுபடி கைதட்டல். நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் அவள் மூச்சு விட்டாள். பிறகு எழுந்து, மிகவும் பணிவாகக் கேட்டாள்.

“அப்போ, வடக்கே பாக்க வேண்டிய கருவியைத் தெற்கே பாக்க வெச்சதும் நீங்கதானா சார்?”